வட சென்னையிலிருந்து பைக்கை வெளியூருக்கு ஏற்றி அனுப்ப: கார் டிரெய்லரா, குட்டி யானையா, ரயில் பார்சலா?

ஓடாத பைக்கை வெளியூருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்றால் ஆளுக்கொரு வழி சொல்வார்கள். "காருக்குப் பின்னால ஒரு டிரெய்லர் மாட்டி இழுத்துட்டுப் போயிடு" என்பார் ஒருவர். "குட்டி யானை பிடி" என்று டாடா ஏஸ் மாதிரியான சின்ன லோடு வண்டியைச் சொல்வார் இன்னொருவர். "எழும்பூர்ல பார்சல் போட்டா முடிஞ்சுது" என்பார் மூன்றாமவர். தண்டையார்பேட்டை வீட்டில் நின்றிருந்த தம்பியின் புல்லட்டைத் திருநெல்வேலிக்கு அனுப்ப அலைந்தபோது இந்த மூன்று வழியையும் விசாரித்தேன். முழு விவரம் ஒரே இடத்தில் கிடைக்கவே இல்லை. ஒருவர் கட்டாயம் என்ற காகிதத்தை அடுத்தவர் கேட்கவில்லை. யாருமே வாய் திறக்காத கூலி கடைசி நேரத்தில் வந்து நின்றது. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் வரிசையாக எழுதுகிறேன்.

வாடகை, கூலி எல்லாம் நான் விசாரித்தபோது கேட்ட தொகைகள். நீங்கள் போகும் நாளில் கொஞ்சம் ஏறியிருக்கலாம், பேரமும் உண்டு.

1. வண்டியைத் தொடும் முன் காகிதங்களை எடுத்து வையுங்கள்

ஆர்.சி., இன்சூரன்ஸ், உங்கள் ஆதார் மூன்றையும் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் மூன்று நகல் இருக்கட்டும். வழியில் போலீஸ் நிறுத்தினால் டிஜிலாக்கரிலோ எம்பரிவாகன் செயலியிலோ காட்டலாம், அது செல்லும். ரயில் பார்சல் ஆபீஸில் போனைக் காட்டினால் வேலை நடக்காது. அங்கே காகிதம்தான் வேண்டும். ஸ்டேஷன் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை தேடி ஓடினால் வரிசையில் உங்கள் இடம் போய்விடும்.

ஆர்.சி. வேறொருவர் பெயரில் இருந்தால், அது அப்பாவோ தம்பியோ ஆனாலும், அவர் கையெழுத்திட்ட ஒரு கடிதம் வாங்குங்கள். வண்டி எண், சேசிஸ் எண், யார் கொண்டுபோகிறார், எங்கிருந்து எங்கே என்று நாலு வரி இருந்தால் போதும். அவருடைய அடையாள அட்டை நகலையும் சேர்த்துப் பின் அடியுங்கள். ராத்திரியில் திறந்த லோடு வண்டியில் பைக் போனால் திருட்டு வண்டியோ என்று நிறுத்திக் கேட்பது நடக்கிற காரியம். இந்த ஒரு தாள் இருந்தால் அஞ்சு நிமிஷத்தில் விட்டுவிடுவார்கள்.

இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்து ஒரு விஷயத்தை மட்டும் பாருங்கள்: வெறும் தேர்டு பார்ட்டியா, முழுக் காப்பீடா? முழுக் காப்பீட்டில், சொந்தச் சேதத்துக்கான பகுதியிலேயே சாலை, ரயில், நீர்வழி, லிஃப்ட், விமானம் வழியாக வண்டி கொண்டுசெல்லப்படும்போது ஏற்படும் சேதமும் அடங்கும். பலருக்கு இது தெரியாமல் தனியாக 'டிரான்சிட் இன்சூரன்ஸ்' என்று இடைத்தரகர் கேட்கும் பணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். தேர்டு பார்ட்டி மட்டும் என்றால் வழியில் விழுந்து உடைந்தாலும் ஒரு பைசா வராது. பாலிசியில் சாலையோர உதவி சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பக்கத்து மெக்கானிக் கடைவரை கொண்டுபோவதுதான் தேவை என்றால் அதிலேயே இலவசமாக முடியலாம்.

தமிழ்நாட்டுக்குள் ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு ஏற்றிப்போக ஆர்.டி.ஓ.வின் தடையில்லாச் சான்று தேவையில்லை. வேறு மாநிலத்துக்கு நிரந்தரமாக அனுப்புகிறீர்கள் என்றால் படிவம் 28-இல் என்.ஓ.சி. வாங்கிவிட்டு அனுப்புங்கள். கடன் பாக்கி இருந்தால் அதற்கு வங்கியின் சம்மதமும் வேண்டும். வண்டி போய்ச் சேர்ந்த பிறகு இங்கே வந்து வாங்குவது பெரிய வேதனை.

கடைசியாக, பகல் வெளிச்சத்தில் பைக்கைச் சுற்றி வந்து படம் எடுங்கள். டேங்க், சைலன்சர், மட்கார்டு, ஹெட்லைட், கிலோமீட்டர் அளவு எல்லாம் தெரிய வேண்டும். ஏற்கனவே இருக்கும் கீறலையும் நெருக்கமாக எடுங்கள்.

2. காருக்குப் பின்னால் டிரெய்லர்: முடிவெடுக்கும் முன் இதைப் படியுங்கள்

வெளிநாட்டு வீடியோக்களில் சின்னக் காருக்குப் பின்னால் பைக் டிரெய்லர் அழகாகப் போகும். நம் ஊரில் அதற்கு மூன்று தடை இருக்கிறது.

முதலாவது பதிவு. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன்படி டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம்தான். பிரிவு 39-இன்படி பதிவு வேண்டும், அதற்கென்று எண் வேண்டும், பின்விளக்கும் பிரேக் விளக்கும் இண்டிகேட்டரும் எரிய வேண்டும். "ஆங்கிள் அடிச்சு ரெண்டு நாள்ல ரெடி பண்ணித் தர்றேன்" என்று வெல்டிங் பட்டறையில் சொல்வார்கள். செய்தும் தருவார்கள், வேலையும் சுத்தமாக இருக்கும். ஆனால் பதிவுக்கு விற்பனைச் சான்றான படிவம் 21, சாலைத்தகுதிச் சான்றான படிவம் 22 எல்லாம் கேட்பார்கள். பட்டறையில் அது கிடைக்காது. பதிவில்லாத வண்டியைச் சாலையில் ஓட்டினால் பிரிவு 192-இன்படி முதல் முறைக்கு 2,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம்.

இரண்டாவது, உங்கள் கார். பின் பம்பரில் மூடியைக் கழற்றினால் திருகி மாட்டும் ஒரு வளையம் இருக்கும். அது பழுதானால் கயிறு கட்டி இழுக்கத்தான், டிரெய்லருக்கு அல்ல. டிரெய்லருக்குச் சேசிஸோடு பிணைத்த கொக்கியும் பந்தும் வேண்டும். அனுமதி இல்லாமல் காரில் இப்படி மாற்றம் செய்தால் 2019 திருத்தத்தில் வந்த பிரிவு 182ஏ-யின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. கார் கம்பெனியின் கையேட்டையும் புரட்டிப் பாருங்கள். சின்னக் கார்களின் கையேட்டில் டிரெய்லர் இழுக்கப் பரிந்துரைக்கவில்லை என்று எழுதியிருந்தால் வாரண்டியும் கைவிட்டுப் போகும்.

மூன்றாவது எடை. ஆல்டோ மாதிரியான கார் சுமார் 750 கிலோ. புல்லட் 195 கிலோ, டிரெய்லர் எப்படியும் 150 கிலோவுக்குக் குறையாது. காரின் எடையில் கிட்டத்தட்ட பாதி, சொந்த பிரேக் இல்லாமல், பின்னால் தொங்கிக்கொண்டு வருகிறது. எண்ணூர் விரைவுச்சாலையில் கன்டெய்னர் லாரி திடீரென்று நின்றால் உங்கள் பிரேக் இரண்டு வண்டியையும் சேர்த்து நிறுத்த வேண்டும். என் முடிவு தெளிவானது: 1,000 சிசிக்குக் கீழான காரை வைத்துக்கொண்டு இந்த வழிக்குப் போகாதீர்கள்.

முறையாகப் பதிவான டிரெய்லரும் அதற்கேற்ற காரும் உங்களிடம் இருந்தால், இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்கு வண்டி கொண்டுபோகிறவர்கள் சிலரிடம் இருப்பதுபோல, இவ்வளவைக் கவனியுங்கள். மொத்த எடையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் கொக்கியின் மேல் அழுந்த வேண்டும். அதற்காக பைக்கின் எஞ்சின் டிரெய்லர் அச்சுக்குச் சற்று முன்னால் வரும்படி நிறுத்துங்கள். பின்னால் தள்ளி ஏற்றினால் 60 கிலோமீட்டர் வேகத்திலேயே டிரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும். அப்படி ஆடினால் பிரேக்கை மிதிக்காமல், ஸ்டீரிங்கையும் திருப்பாமல் ஆக்சிலேட்டரை மட்டும் விடுங்கள். கொக்கிக்கு அடியில் பாதுகாப்புச் சங்கிலி இரண்டு குறுக்காக மாட்டியிருக்க வேண்டும். ரிவர்ஸ் எடுப்பதைக் காலி மைதானத்தில் பழகிவிட்டுத் தெருவுக்கு வாருங்கள். ஸ்டீரிங்கின் அடிப்பகுதியில் கை வைத்து, டிரெய்லர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்தினால் குழப்பம் குறையும். ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை சந்துகளில் ரிவர்ஸ் எடுக்கவே வழியிருக்காது. டிரெய்லரை மெயின் ரோட்டில் நிறுத்திவிட்டு பைக்கைத் தள்ளிக்கொண்டு வருவதுதான் சரி.

3. தூரத்தைப் பார்த்து வழியைத் தேர்ந்தெடுங்கள்

சென்னைக்குள், அல்லது செங்குன்றம், பொன்னேரி, திருவள்ளூர், ஸ்ரீபெரும்புதூர் வரை என்றால் குட்டி யானைதான். காலையில் ஏற்றினால் மதியத்துக்குள் இறங்கிவிடும். புதுச்சேரி, வேலூர் தூரம்வரைகூட அது கட்டுப்படியாகும்.

திருச்சி, மதுரை, நெல்லை, கோவை என்று போகும்போது கணக்கு மாறுகிறது. லோடு வண்டிக்காரர் திரும்பி வரும் தூரத்துக்கும் சேர்த்துத்தான் வாடகை கேட்பார். மதுரைக்கே போகவர 900 கிலோமீட்டருக்கு மேல். கிலோமீட்டருக்கு 20 ரூபாய் என்றாலும் பதினெட்டாயிரம், அதற்கு மேல் டோலும் பேட்டாவும். ரயிலில் பேக்கிங், கூலி எல்லாம் சேர்த்தாலும் இதில் சிறு பகுதிதான் ஆகும். திரும்புகால் வண்டி, அதாவது சரக்கு இறக்கிவிட்டுக் காலியாக ஊர் திரும்பும் வண்டி கிடைத்தால் மட்டும் சாலை வழி லாபம். மாதவரம் லாரி நிலையத்தில் நேரில் போய்க் கேளுங்கள். காத்திருக்க நேரம் இருந்தால் பாதி வாடகைக்கே படியும்.

4. குட்டி யானை பேசும்போது

வண்டியின் தொட்டி, அதாவது சரக்கு ஏற்றும் பின்பகுதி, எவ்வளவு நீளம் என்று முதலில் கேளுங்கள். டாடா ஏஸில் ஏழடிக்குச் சற்று மேல் இருக்கும், புல்லட்டின் நீளமும் ஏறக்குறைய அவ்வளவுதான். முன் சக்கரம் கேபின் பக்கத் தடுப்பில் இடிக்க நிறுத்தினால் பின்கதவு மூடும், அல்லது கொஞ்சம் கோணலாக நிறுத்த வேண்டும். ஸ்ப்ளெண்டர், ஆக்டிவா எல்லாம் தாராளமாக நிற்கும். மூன்று சக்கர லோடு ஆட்டோவில் தொட்டி சிறியது. "பின்கதவைத் திறந்தே வெச்சிக்கலாம்" என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அனுமதித்த அளவைத் தாண்டிச் சுமை வெளியே நீட்டினால் பிரிவு 194-இல் 20,000 ரூபாய் அபராதம் இருக்கிறது. அதைவிடப் பெரிய கவலை, பைக் பின்னால் நழுவினால் தடுக்க அங்கே எதுவும் இருக்காது.

வாடகை பேசும்போது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்டுவிடுங்கள். டோல் யார் கட்டுவது, திரும்பி வரும் டோலும் நம் தலையிலா, ஏற்று இறக்குக் கூலி சேர்ந்ததா தனியா, காத்திருந்தால் மணிக்கு எவ்வளவு, வழியில் தங்கினால் பேட்டா எவ்வளவு? தண்டையார்பேட்டையிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை என்னிடம் கேட்டது 2,200 முதல் 2,800 வரை. செயலி மூலம் பிடித்தால் வாடகை குறைவாகக் காட்டும். ஆனால் அங்கே வருகிற டிரைவர் ஏற்ற உதவுவார் என்று எதிர்பார்க்காதீர்கள், அவருக்கு அது வேலையில்லை. லோடுமேன் இரண்டு பேருக்குத் தலைக்கு 300 ஒதுக்கி வையுங்கள்.

நீங்கள் கேபினில் டிரைவர் பக்கத்தில் உட்காரலாம். சரக்கின் சொந்தக்காரர் என்ற முறையில் அந்த வண்டியின் தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் உங்களுக்கும் பொருந்தும். பைக்கைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்பது வேண்டவே வேண்டாம். சட்டப்படியும் தப்பு. 195 கிலோ சாய்ந்தால் ஒரு ஆளால் பிடிக்கவும் முடியாது.

5. கட்டும் சாமானை முந்தின நாளே வாங்குங்கள்

டிரைவரிடம் ஒரு பழைய கயிறு இருக்கும். அதை நம்பிக் கிளம்பாதீர்கள்.

ராட்செட் ஸ்ட்ராப் நான்கு, அதாவது பல்சக்கரப் பிடியால் இறுக்கும் பட்டை. இரண்டு கொண்ட செட் 400 முதல் 700 ரூபாய்க்குக் கிடைக்கும். ஜி.பி. ரோடு ஆக்சசரிஸ் கடைகளில் கேளுங்கள், மண்ணடி ஹார்டுவேர் கடைகளிலும் இருக்கும். ஒரு இஞ்ச் அகலத்துக்குக் குறையாமல், கொக்கியில் ரப்பர் உறை போட்டதாகப் பார்த்து வாங்குங்கள். காசிமேட்டுப் பக்கம் விற்கும் மீன்பிடி நைலான் கயிறு இழுவையில் நீளும், ஸ்ட்ராப்புக்கு மாற்றாக அதை நம்பாதீர்கள். தேங்காய் நார்க் கயிறு குலுக்கலில் தளரும், அதனால் அதைத் தவிருங்கள்.

இவற்றோடு பழைய துணி, இரண்டு சாக்கு, ஒரு பழைய டயர். ஏற்றுவதற்கு எட்டடி நீளம், ஓரடி அகலம், இரண்டு இஞ்ச் கனத்தில் ஒரு பலகை. கட்டட வேலை நடக்கும் இடத்தில் சாரப் பலகை கேட்டால் அரை நாளுக்குக் கொடுப்பார்கள்.

6. ஏற்றுவது

பெட்ரோலைப் பாதிக்கும் கீழே குறையுங்கள். கார்புரேட்டர் வண்டி என்றால் பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு ஏற்றுங்கள். இல்லாவிட்டால் சாய்வில் வழிந்து தொட்டியெல்லாம் நாறும், ஒரு பீடி நெருப்பு போதும். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள். கண்ணாடிகளையும் கழற்றி உங்கள் பையில் வையுங்கள். ஹாண்டில் லாக் போடக் கூடாது, சாவி உங்களிடம் இருக்கட்டும்.

பலகையின் மேல் முனையை லோடு வண்டியோடு கயிற்றால் கட்டுங்கள். பைக் பாதி ஏறும்போது பலகை பின்னால் வழுக்கிவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் விபத்து. லோடு வண்டியைப் பின்பக்கமாக ஒரு மேடு, கடைப் படிக்கட்டு அல்லது நடைபாதை ஓரம் ஒட்டி நிறுத்தினால் சாய்வு பாதியாகக் குறையும். கொருக்குப்பேட்டை, மூலக்கடைப் பக்கம் தெரிந்த குடோன் இருந்தால் அங்கே லோடிங் மேடையே இருக்கும், பலகைக்கு வேலையில்லை.

ஒருவர் பைக்கின் இடது பக்கம் நின்று ஹாண்டிலையும் முன் பிரேக்கையும் பிடிக்க வேண்டும். இருவர் பின்னாலிருந்து தள்ள வேண்டும், அதுவும் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் பிடிகம்பியான கிராப் ரெயிலில் கை வைத்து. இண்டிகேட்டரில் கை வைத்தால் அது உடைந்து கையோடு வரும். எஞ்சினை ஓட்டி முதல் கியரில் ஏற்றிவிடலாம் என்று துடிப்பான பையன்கள் சொல்வார்கள். விடாதீர்கள்.

7. கட்டுவது: இங்கே அவசரப்பட வேண்டாம்

பைக் பாழாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அரை மணி நேரம் ஒதுக்குங்கள். டிரைவர் "போதும் சார், நான் எவ்ளோ வண்டி ஏத்தியிருக்கேன்" என்று அவசரப்படுத்துவார், அதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

பைக் நேராக நிற்க வேண்டும். சென்டர் ஸ்டாண்ட் போட்டால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் வண்டி குதித்து, ஸ்டாண்டே மடங்கிவிடும். சைடு ஸ்டாண்டில் சாய்த்துக் கட்டினால் மொத்த இழுவையும் அந்த ஒற்றைக் கம்பியில் இறங்கி, அது வளையும் அல்லது சேசிஸில் பற்றவைத்த இடம் விரியும். இரண்டு ஸ்டாண்டும் மேலே இருக்கட்டும். முன் சக்கரத்துக்கும் கேபின் தடுப்புக்கும் நடுவே பழைய டயரைச் சொருகி, சக்கரத்தை அதில் அழுத்தி நிறுத்துங்கள். கியர் முதலில் இருக்கட்டும்.

முன்பக்க ஸ்ட்ராப் இரண்டையும் ஃபோர்க்கின், அதாவது முன் சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் குழாயின், கீழ் பிராக்கெட்டில் மாட்டுங்கள். அந்த இடத்துக்குக் கை எட்டாவிட்டால் ஹாண்டில்பாரின் அடிப்பகுதியில், ஃபோர்க்குக்கு மிக அருகில் மாட்டலாம். பிடிமானத்தின் முனையில் மாட்டினால் ஹாண்டில் வளையும். மாட்டுவதற்கு முன் விரலால் தடவிப் பாருங்கள்: பிரேக் ஹோஸ், கிளட்ச் கேபிள், ஒயர் கட்டு எதுவும் ஸ்ட்ராப்புக்கு அடியில் சிக்கக் கூடாது. எங்கள் வண்டியைக் கட்டிய லோடுமேன் ஆக்சிலேட்டர் கேபிளின் மேலேயே ஸ்ட்ராப்பை ஓட்டி இறுக்கினார். கேபிளின் கறுப்பு உறை தட்டையாக நசுங்கியதைப் பார்த்து உடனே அவிழ்க்கச் சொன்னோம். பத்துக் கிலோமீட்டர் போயிருந்தால் உள்ளே கம்பி பிரிந்திருக்கும்.

ஒரு பக்கத்து ஸ்ட்ராப் முன்னோக்கியும் வெளியேயும், சுமார் 45 டிகிரியில் தொட்டியின் மூலை வளையத்துக்குப் போக வேண்டும். மறு பக்கமும் அப்படியே. இரண்டையும் மாறி மாறி, நாலு நாலு கிளிக்காக இறுக்குங்கள். முன் ஃபோர்க் தன் முழு இயக்கத்தில் பாதி அளவு கீழே அமுங்கினால் நிறுத்திவிடலாம். கொஞ்சமும் அமுங்காவிட்டால், வண்டி பள்ளத்தில் இறங்கும்போது ஃபோர்க் அமுங்கி, ஸ்ட்ராப் தொய்ந்து, கொக்கி கழன்று விழும். அடிவரை அமுக்கினால் ஆயில் சீல் போய்விடும்.

பின்பக்கம் இரண்டு ஸ்ட்ராப் பின் ஃபுட்ரெஸ்ட் பிராக்கெட்டிலிருந்தோ சேசிஸ் குழாயிலிருந்தோ பின்னோக்கி மூலைகளுக்கு. இவை பின் சக்கரம் இடம் வலமாக நகராமல் தடுக்கத்தான், மிதமான இறுக்கம் போதும். சைலன்சரில் எதையும் கட்டாதீர்கள். பெயிண்டில் ஸ்ட்ராப் படும் ஒவ்வோர் இடத்திலும் துணி மடித்து வையுங்கள். டேங்கின் மேல் சாக்கை நேரடியாகப் போடாமல் அடியில் ஒரு போர்வை விரியுங்கள். சாக்கில் ஒட்டியிருக்கும் மண் குலுக்கலில் தேய்த்துக்கொண்டே வரும், ஊர் போய்ச் சேர்வதற்குள் பளபளப்பு போய்விடும்.

கட்டி முடித்ததும் சீட்டைப் பிடித்து பலமாக ஆட்டுங்கள். பைக் ஆடினால் லோடு வண்டியே சேர்ந்து ஆட வேண்டும். பைக் மட்டும் தனியாக ஆடினால் மறுபடி இறுக்குங்கள்.

8. கிளம்பும் நேரம்

ஞாயிறு விடியற்காலை சிறந்தது. வாரநாள் என்றால் ஆறு மணிக்கு முன்பே வட சென்னையைத் தாண்டிவிடுங்கள். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் வரிசை எண்ணூர் விரைவுச்சாலையிலும் மணலிப் பக்கமும் நின்றுவிட்டால் மணிக்கணக்கில் நகராது, காத்திருப்புக் கட்டணம் உங்களுக்கு ஏறும். வடகிழக்குப் பருவமழை நாட்களில் சுரங்கப்பாதைகளைத் தவிர்த்து மேம்பாலம் வழியாகவே போகச் சொல்லுங்கள்.

கிளம்பி ஐந்தாறு கிலோமீட்டரில், மூலக்கடையோ மாதவரம் ரவுண்டானாவோ தாண்டியதும், ஓரம் கட்டி நான்கு ஸ்ட்ராப்பையும் சரிபாருங்கள். முதல் குலுக்கலில் எல்லாமே கொஞ்சம் தளரும். பிறகு டீ குடிக்க நிறுத்தும் இடமெல்லாம் ஒரு தடவை தொட்டுப் பார்த்தால் போதும்.

9. ரயில் வழி: ஸ்டேஷன் போவதற்கு முன்

எந்த ஸ்டேஷன் என்பது ஊரைப் பொறுத்தது. திருச்சி, மதுரை, நெல்லை என்று தெற்கே போகும் ரயில்களுக்கு எழும்பூர். சேலம், கோவை, பெங்களூரு, வடக்கே போவதற்கு சென்ட்ரல். எழும்பூரில் சீரமைப்பு வேலை நடப்பதால் சில ரயில்களைத் தாம்பரத்துக்கு மாற்றுகிறார்கள். பைக்கை ஏற்றிக்கொண்டு போவதற்கு முந்தின நாள் பார்சல் ஆபீஸில் நேரில் கேட்டுவிடுங்கள். அந்த ரயிலில் பைக் ஏற்றும் இடம் இருக்கிறதா, போகும் ஸ்டேஷனில் இறக்குவார்களா என்றும் கேளுங்கள். ஓரிரு நிமிடம் மட்டும் நிற்கும் சின்ன ஸ்டேஷனுக்கு பைக் வாங்க மாட்டார்கள். அருகிலுள்ள பெரிய சந்திப்புக்குப் போட்டுவிட்டு அங்கிருந்து லோடு ஆட்டோவில் எடுக்க வேண்டியதுதான்.

இரண்டு வகை உண்டு. நீங்களும் அதே ரயிலில் டிக்கெட்டோடு போனால் 'லக்கேஜ்' என்று போடலாம். கட்டணம் அதிகம், ஆனால் பைக் உங்களோடு வர வாய்ப்பு அதிகம். நீங்கள் போகவில்லை என்றால் 'பார்சல்'. கட்டணம் குறைவு, இடம் கிடைக்கும் ரயிலில் ஏறும், ஒன்றிரண்டு நாள் முன்பின் ஆகும். தீபாவளி, பொங்கலை ஒட்டி அனுப்புவதைத் தவிருங்கள்.

பெட்ரோல் டேங்க் முழுக்கக் காலியாக இருக்க வேண்டும். 'கொஞ்சம் இருக்கு, பரவாயில்லை' என்பது இங்கே செல்லாது. ரயில்வே சட்டம் 1989, பிரிவு 164-இன்படி தீப்பற்றும் பொருளை ரயிலில் கொண்டுபோவதற்கு மூன்று ஆண்டு வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வீட்டிலேயே டியூபைக் கழற்றி வடித்துவிட்டு, டேங்க் மூடியைத் திறந்து காற்றாட வையுங்கள். ஸ்டேஷன் வாசலில் வடித்துத் தருகிறேன் என்று வருகிறவர்கள் பெட்ரோலையும் எடுத்துக்கொண்டு, காசும் கேட்பார்கள். ஸ்டேஷன்வரை வண்டியை ஓட்டி வர நினைக்காதீர்கள். லோடு ஆட்டோவில் ஏற்றி, பேசின் பிரிட்ஜ், வால்டாக்ஸ் ரோடு வழியாக வந்தால் தண்டையார்பேட்டைக்காரர்களுக்கு சென்ட்ரல் பக்கம்தான்.

10. பார்சல் கவுன்டரில்

முதலில் பேக்கிங். பார்சல் ஆபீஸைச் சுற்றி பேக்கிங் ஆட்கள் இருப்பார்கள். வைக்கோல், சாக்கு, சணல் வைத்துச் சுற்றித் தைப்பார்கள். 600-இல் ஆரம்பித்து புல்லட்டுக்கு 1,200 வரை கேட்டார்கள். ஹெட்லைட், டேங்க், சைலன்சர், லீவர் நான்கையும் தனித்தனியாகச் சுற்றச் சொல்லுங்கள், பக்கத்தில் நின்று பாருங்கள். கண்ணாடி, டூல் கிட், மழைக்கோட்டு எதையும் பைக்கிலேயே வைத்து அனுப்பாதீர்கள்.

அனுப்புபவர் பெயர், பெறுபவர் பெயர், போன் எண், எங்கிருந்து, எங்கே என்று தடித்த எழுத்தில் எழுதிய அட்டை இரண்டு தயாராக வைத்திருங்கள். ஒன்று ஹாண்டிலில், ஒன்று பின்பக்கம். பெயிண்டில் வண்டி மேலேயும் எழுதுவார்கள், அது சாக்கின் மேல் படும்படி பாருங்கள்.

கவுன்டரில் ஃபார்வர்டிங் நோட் என்ற படிவம் தருவார்கள். அதில் வண்டியின் மதிப்பு கேட்கும் இடத்தை வெறுமனே விட்டுவிடுவது பலரும் மாட்டிக்கொள்ளும் பொறி. மதிப்பை அறிவிக்காமல் பார்சல் போட்டால் தொலைந்தாலும் உடைந்தாலும் ரயில்வேயின் பொறுப்பு கிலோவுக்கு 50 ரூபாய் வரைதான், லக்கேஜ் என்றால் 100 ரூபாய். 195 கிலோ புல்லட் மொத்தமாகவே போய்விட்டாலும் பார்சல் கணக்கில் பத்தாயிரத்தைத் தொடாது. மதிப்பை அறிவித்து அதற்கான கூடுதல் சதவீதக் கட்டணத்தைக் கட்டினால்தான் முழு மதிப்புக்குக் கேட்க முடியும். உங்கள் பைக்கிற்கு முழுக் காப்பீடு இருந்தால் யோசித்து முடிவெடுங்கள். தேர்டு பார்ட்டி மட்டும் என்றால் கண்டிப்பாக அறிவியுங்கள்.

பணம் கட்டியதும் ரயில்வே ரசீது உங்கள் கைக்கு வர வேண்டும். சில ரயில்களின் பார்சல் பெட்டியைத் தனியார் குத்தகைக்கு எடுத்திருப்பார்கள். வெளியே நின்று "இன்னைக்கே அனுப்பிடலாம்" என்று கூப்பிடுவது பெரும்பாலும் அவர்கள் ஆட்கள். அவர்களிடம் போட்டால் ரசீதும் பொறுப்பும் அவர்களுடையது, மேலே சொன்ன ரயில்வே கணக்கு அப்படியே பொருந்தும் என்று நினைக்க வேண்டாம். எதில் போடுகிறோம் என்று ரசீதின் தலைப்பைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள். ஏற்றுக்கூலி என்று பிளாட்பாரத்தில் தனியாகக் கேட்பார்கள். 200, 300-க்கு மேல் போகாமல் பேசி முடியுங்கள்.

11. ஊரில் எடுப்பது

ரசீதின் அசலோ அது இல்லாவிட்டால் அந்த ஸ்டேஷன் கேட்கும் உறுதிப் பத்திரமோ இல்லாமல் வண்டியை விட மாட்டார்கள். பெறுபவர் வேறு ஆள் என்றால் அசல் ரசீதைக் கூரியரில் முன்பே அனுப்பிவிடுங்கள். இறக்கிய பிறகு இலவசமாக வைத்திருக்கும் நேரம் சில மணிதான். அதன்பின் மணிக்கணக்கில் கட்டணம் ஓடும், விடுமுறை நாள் என்று நிற்காது. அதனால் ரயில் கிளம்பியதும் அங்கே எடுக்கப் போகிறவருக்குச் சொல்லிவிடுங்கள்.

சாக்கைப் பிரிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பிரித்து, நீங்கள் எடுத்த படத்தோடு ஒப்பிட்டு, சேதம் இருந்தால் அங்கேயே அதிகாரியிடம் எழுதி வாங்குங்கள். வெளியே கொண்டுவந்த பிறகு சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். ரயில்வேயிடம் இழப்பீடு கேட்கும் கடிதத்தை, பார்சல் ஒப்படைத்த தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் கொடுத்தாக வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அன்றைக்கே போன் செய்து சொல்லுங்கள்.

வண்டியை உடனே ஸ்டார்ட் செய்யாதீர்கள். பேட்டரி ஒயரை மாட்டி, இரண்டு பிரேக்கும் பிடிக்கிறதா, கேபிள் எதுவும் இழுக்கிறதா, டயரில் காற்று இருக்கிறதா என்று பார்த்து, அரை லிட்டர் பெட்ரோலை ஊற்றி டேப்பின் அடியில் கசிவு இருக்கிறதா என்று கவனியுங்கள். பெட்ரோலைக் கேனில் முன்பே வாங்கி வைத்தால், அதை ஸ்டேஷனுக்குள் கொண்டுவராமல் வெளியே வைத்திருங்கள்.

15 ஆண்டு கடந்து ஆர்.சி. காலாவதியான வண்டி என்றால், புதுப்பிக்கும்வரை அங்கே தெருவில் ஓட்டக் கூடாது. ஆர்.டி.ஓ. ஆய்வுக்கும் லோடு ஆட்டோவிலேயே கொண்டுபோங்கள். நீங்களும் அந்த ஊரிலேயே குடியேறுகிறீர்கள் என்றால் 30 நாளுக்குள் ஆர்.சி.யில் முகவரி மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். பரிவாகன் தளத்தில் ஆன்லைனிலேயே போடலாம். வேறு மாநிலம் என்றால் 12 மாதத்துக்கு மேல் அங்கே ஓடும் வண்டிக்கு அந்த மாநிலப் பதிவு எண் வாங்க வேண்டும், அதற்குத்தான் அந்தப் படிவம் 28.